56 ஏ.பி.ஓ.வில் இருந்தவன்

கேள்வி: எங்களோடு பிளஸ் டூ படித்த நண்பன் 1983-ல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து 2007-ல் ஹவில்தாராக ரிட்டயர் ஆனான். போன மாதம் இறந்துவிட்டான். பள்ளியில் நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறோம், நான்தான் பேச வேண்டும். 24 வருஷ சர்வீஸைப் பற்றி எங்களில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. என்ன பேசுவது?
- வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: எனக்கும் இதேதான் நடந்தது. என் வகுப்பில் இருந்த மிலிட்டரிக்காரன் லீவில் வந்தால், நம்பரும் ரேங்க்கும் பெயரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியை பஸ் ஸ்டாண்டிலிருந்து நாங்கள்தான் தூக்கி வருவோம், தெருமுனை வருவதற்குள் ‘கோட்டா கொண்டு வந்தியாடா’ என்று மிலிட்டரி கேன்டீன் சரக்கைக் கேட்டும் விடுவோம். எங்கே இருந்தே என்று ஒருத்தனும் கேட்டதில்லை. கடிதத்திலும் 56 ஏ.பி.ஓ. என்றுதான் இருக்கும். அது ராணுவத் தபால் முகவரி, பாலைவனமானாலும் பனிமலையானாலும் அதே 56 தான். அப்படி ஒரு ஊர் இருப்பதாகவே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

சரி, நீங்கள் கூட்டத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய் மெடல்களைக் காட்டச் சொல்லுங்கள். என் நண்பனுடையவை ஒரு பிஸ்கட் டின்னில் அந்துருண்டைகளோடு கிடந்தன. விளிம்பில் பொடி எழுத்தில் அவன் நம்பரும் பெயரும் வெட்டியிருக்கும், லென்ஸ் எடுத்துப் போங்கள். ஆபரேஷன் விஜய் என்றால் 1999 கார்கில் சமயம். பராக்ரம் என்றால் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு 2001-02-ல் மாதக்கணக்கில் எல்லையில் காத்துக் கிடந்தது. வெளிநாட்டில் பணி செய்தவர்களுக்கான விதேஷ் சேவா மெடலில் ஸ்ரீலங்கா என்று பட்டை இருந்தால் 1987-90 அமைதிப்படை. தமிழ் பேசும் ஊர்களில் தமிழ்ப் பையன் துப்பாக்கியோடு நின்ற கதை அது, வீட்டாரைக் கேட்காமல் மேடையில் தொடாதீர்கள்.

லடாக் பனிமலையில் நின்றவர்களுக்கான சியாச்சின் கிளேசியர் மெடல் இருந்தால் அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம். 2003 நவம்பரிலிருந்து அங்கே போர்நிறுத்தம், ஆனாலும் சாவு நிற்கவில்லை. 2016 பிப்ரவரியில் 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாலியனோடு பணியில் இருந்தவர்கள், அதில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். எல்லையில் ரத்தம் சிந்தி என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அங்கே குளிரும் காற்றில்லாமையும்தான் பாதி எதிரி.

சர்வீஸ் விவரம் இருக்கும் டிஸ்சார்ஜ் புக்கையும் பாருங்கள். அது காணோம் என்றால் அவர் மனைவி வெலிங்டனில் இருக்கும் ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதிக் கேட்கலாம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.

அப்புறம், மனைவியிடம் உட்கார்ந்து பேசுங்கள். என் நண்பன் டீக்கடையில் ஆவி பறக்கிற கிளாஸை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு பேசுவான், மிலிட்டரி பந்தா காட்டுகிறான் என்று நாங்கள் சிரிப்போம். பனியில் விறைத்ததிலிருந்து அவருக்கு விரல் நுனியில் சூடே தெரியாது அண்ணே என்று, டின்னை மூடும்போது அவன் மனைவிதான் சொன்னார்.