ஃபெதர்ஸ்டன்ஹா: இறகே இல்லாத ஒரு குடும்பப்பெயர்

கேள்வி: Featherstonehaugh. ஆங்கிலத்தில் 17 எழுத்து. கூப்பிடும்போது வெறும் 'ஃபான்ஷா'. மீதி எங்கே போயிற்று?

தேய்ந்துவிட்டது. முதல் அசையை அழுத்திச் சொல்லும்போது நடு அசைகள் வாய்க்குள்ளேயே கரைந்துவிடும். பேச்சு சுருங்கிக்கொண்டே போக, எழுத்து மட்டும் பழையபடி நின்றது. எல்லாக் குடும்பங்களும் ஃபான்ஷா என்று சொல்வதில்லை. எழுதியபடியே உச்சரிப்பவர்களும் உண்டு. பெயர்க்காரரிடமே கேட்டுவிடுங்கள், அதுதான் மரியாதை.

கேள்வி: ஃபெதர் என்றால் இறகு, ஸ்டோன் என்றால் கல். இரண்டும் எப்படிச் சேர்ந்தன?

இதில் இறகே கிடையாது. பழைய ஆங்கிலக் கூட்டுச்சொற்களில் 'ஃபெதர்' போல ஒலித்த சொல்லுக்கு நான்கு என்று பொருள். மூன்று கற்களை நட்டு, மேலே ஒன்றை மூடியாக வைத்தால் நாற்கல். ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே. 'ஹா' வடக்கு வட்டார வழக்கு: ஆற்றோரத் தட்டை நிலம். நார்தம்பர்லாந்தில் ஹால்ட்விசில் பக்கத்தில், சவுத் டைன் ஆற்றங்கரையில் ஃபெதர்ஸ்டன் கோட்டை இன்றும் நிற்கிறது. இடத்தின் பெயர்தான் ஆளுக்கு வந்தது.

கேள்வி: ஃபான்ஷா என்றே எழுதுபவர்கள் இவர்களுக்குச் சொந்தமா?

இல்லை. அது டார்பிஷயர் ஊர் ஒன்றிலிருந்து வந்த வேறு பெயர். ஒலி மட்டும்தான் ஒன்று.

கேள்வி: என் மனைவியின் பாட்டிக்கு இந்தப் பெயர். கோட்டைக்காரர்களின் வம்சமாக இருக்குமா?

அவசரப்படாதீர்கள். சசெக்ஸில் அப்பார்க் மாளிகை இருக்கிறது. அதன் உரிமையாளர் சர் ஹாரி ஃபெதர்ஸ்டன்ஹா, 1825இல், எழுபது வயதில், தன் பால் பண்ணையில் வேலை பார்த்த இருபதை ஒட்டிய மேரி ஆன் புல்லக்கை மணந்தார். பிள்ளை இல்லை. அவருக்குப் பின் மேரி ஆன். அப்புறம் அவர் தங்கை பிரான்சிஸ். அந்தத் தங்கை புல்லக் என்பதை விட்டு இந்தப் பெயரைச் சூடிக்கொண்டார். அவரிடமிருந்து சொத்தைப் பெற்றவரும் அப்படியே செய்தார். ஒரு சொட்டு ரத்த உறவில்லாமல் பெயர் தொடர்ந்தது. ஆகவே பெயரை வைத்து வம்சத்தை முடிவுசெய்ய வேண்டாம்.

கேள்வி: சரி, எங்கிருந்து தேடத் தொடங்குவது?

இங்கிலாந்து, வேல்ஸ் என்றால் 1837 ஜூலை முதல் அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு உண்டு. பாட்டியின் திருமணப் பதிவில் அவர் அப்பாவின் பெயரும் தொழிலும் இருக்கும். அதைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். எழுத்துக்கூட்டை மாற்றி மாற்றித் தேடுங்கள். அமெரிக்க அரசின் முதல் நிலவியலாளர் ஜார்ஜ் வில்லியம் ஃபெதர்ஸ்டன்ஹாவின் பெயரில் 'ஸ்டோன்' கடைசியில் வரும் 'ஈ' (e) இல்லை. அப்பார்க் குடும்பத்திலோ, முதல் 'ஏ'யும் (a) சேர்ந்தே காணாமல் போயிருக்கும்.