நீரோ விஷயத்தில் யார் பேச்சை நம்புவது?

கேள்வி: ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான் என்று மேடையில் முழங்காத கட்சி நம் ஊரில் இல்லை. அது நிஜம்தானா ஐயா? (கல்லூரி மாணவர், விருதுநகர்)

பதில்: பிடில் சத்தியமாக இல்லை. அந்த வாத்தியம் ஐரோப்பாவுக்கு வந்து சேரவே பல நூற்றாண்டுகள் பாக்கி இருந்தன. ரோமானியச் சக்கரவர்த்தி நீரோ மீட்டியது கித்தாரா, யாழ் ஜாதி. வம்பெல்லாம், அன்றைக்கு மீட்டினானா என்பதில்தான்.

தீப்பிடித்தது கி.பி. 64 ஜூலையில். ரோமானிய வரலாற்றாசிரியர் டாஸிட்டஸ் சொல்வது: நீரோ அப்போது ஊரிலேயே இல்லை, ஆன்டியம் என்ற கடற்கரை ஊரில் இருந்தான், டிராய் நகர அழிவைத் தன் வீட்டு மேடையில் பாடினான் என்று பிற்பாடு ஒரு வதந்தி பரவியது. சக்கரவர்த்திகளின் வாழ்க்கையை எழுதிவைத்த சூட்டோனியஸிடம் வதந்தி என்ற பேச்சே கிடையாது. ரோமில் இருந்த மேசீனஸ் கோபுரத்தின் மேல் நின்று, நாடக உடையோடு பாடினான் என்று அடித்துச் சொல்கிறார். இன்னொரு வரலாற்றாசிரியர் காஸியஸ் டியோவோ அவனை அரண்மனைக் கூரைக்கே ஏற்றிவிடுகிறார்!

இவர்களில் டாஸிட்டஸ் அப்போது சின்னப் பையன். சூட்டோனியஸ் பிறந்ததே நீரோ செத்த சமயத்தில். டியோ எழுதியது சுமார் நூற்றைம்பது வருடம் கழித்து; அதிலும் இந்தப் பகுதி, 11-ஆம் நூற்றாண்டில் ஸிஃபிலினஸ் என்ற துறவி சுருக்கி எழுதிவைத்ததால்தான் நமக்குக் கிடைக்கிறது.

என் ஓட்டு டாஸிட்டஸுக்கு. நீரோவை அவருக்கு அறவே பிடிக்காது. அப்படியும், வீடிழந்தவர்களுக்காகத் தன் தோட்டங்களையே திறந்துவிட்டான், கொட்டகை போட்டான், தானிய விலையை மோடியஸ் என்ற படி அளவுக்கு மூன்று செஸ்டர்ஸ் காசாகக் குறைத்தான் என்று எழுதிவைத்திருக்கிறார். பிடிக்காதவன் வாயிலிருந்து வரும் நல்ல வார்த்தைக்கு எடை ஜாஸ்தி. தீ தற்செயலா, நீரோ வைத்ததா என்பதிலும், இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்.

கேள்வி: அப்படியானால் டாஸிட்டஸ் எழுதியதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? (அதே மாணவர், அதே கடிதத்தில்)

பதில்: விடமாட்டீர்கள் போல! கூடாது. நீரோவின் கவிதைகள் நாலு பேர் கூடி ஒட்டுப்போட்டவை, நடையைப் பார்த்தாலே தெரிகிறது என்று அவர் எழுதினார். வம்பு பொறுக்குகிறவர் என்று பெயர் வாங்கிய சூட்டோனியஸ் இங்கே அவரை மடக்கிவிடுகிறார். நீரோ கைப்பட எழுதிய ஏடுகளே தன்னிடம் வந்தன என்கிறார். அடித்தும் திருத்தியும் இடையில் செருகியும் மேலே எழுதியும் இருந்ததாம். வேறொருவர் சொல்லச் சொல்ல எழுதினாலோ, பார்த்துக் காப்பியடித்தாலோ அப்படி இருக்காது, யோசித்து யோசித்து எழுதினால்தான் இருக்கும் என்பது அவர் வாதம். சூட்டோனியஸ், பின்னால் வந்த ஹேட்ரியன் சக்கரவர்த்தியின் அரண்மனையில் கடிதத் துறையைப் பார்த்தவர். பழைய ஏடுகள் கைக்கு எட்டுகிற உத்தியோகம். இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் பக்கம்.

கேள்வி: நீரோமேல் ஏன் இத்தனை பேருக்குக் காழ்ப்பு? (இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: டாஸிட்டஸும் டியோவும் செனட்டர்கள், அதாவது ரோமின் ஆட்சி மன்றத்துப் பிரபுக்கள். சக்கரவர்த்தி மேடையேறிப் பாடியது அந்த வர்க்கத்துக்குப் பெருத்த அவமானம். ஆனால் எல்லாருக்கும் காழ்ப்பு என்று நினைக்காதீர்கள். நீரோவிடம் நன்மை பெற்றவர்கள் உண்மையை மறைத்தார்கள், வெறுத்தவர்கள் வெட்கமில்லாமல் பொய் எழுதினார்கள் என்று அவன் காலத்திலேயே வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் இரண்டு கோஷ்டியையும் திட்டியிருக்கிறார். நன்மை பெற்ற கோஷ்டி எழுதிய புத்தகம் ஒன்றுகூட இன்று இல்லை. அவன் கல்லறையில் ரொம்ப காலம் யாரோ பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்வதும் சூட்டோனியஸ்தான்.