கதீட்ரல் நாவலில் பேசுவது யார் என்று புரியவில்லையா?

அச்சுப்பிழை இல்லை. மதுக்கடையில் சந்தியாகோ பேசிக்கொண்டிருக்க, அடுத்த வரியில் அங்கே இல்லாத அவன் அப்பா டான் ஃபெர்மின் பேசுகிறாரே என்று கேட்டிருந்தீர்கள். அது பெரு நாட்டு எழுத்தாளர் வர்காஸ் யோசா வேண்டுமென்றே செய்தது. 1969இல் வந்த இந்த 'கதீட்ரலில் உரையாடல்' நாவலில் வெவ்வேறு காலத்துப் பேச்சுகளை வரிக்கு வரி பின்னியிருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே மேசைப் பேச்சாக நீங்கள் வாசித்திருக்கலாம், குழப்பம் அங்கேதான் வரும்.

விளிக்கும் சொல்லைக் கவனியுங்கள். ஃபெர்மினின் பழைய கார் ஓட்டுநர் அம்ப்ரோசியோ 'நீன்யோ' (சின்ன ஐயா என்பதுபோல) என்றால் எதிரில் சந்தியாகோ; தன் நாயைத் தேடிப்போன சந்தியாகோ அம்ப்ரோசியோவைச் சந்தித்த அன்று, லீமாவின் 'கதீட்ரல்' மதுக்கடையில். வெறும் 'டான்' (ஐயா) என்றால் ஃபெர்மின், அது பழைய பேச்சு. 'கார்லீட்டோஸ்' என்று வந்தால் சந்தியாகோ பத்திரிகை நண்பனிடம் மனம் விடுகிறான். பென்சிலால் ஓரத்தில் ச, ஃபெ, கா என்று குறித்தபடி இருபது பக்கம் போங்கள். அப்புறம் காதே பிரித்துக் கொடுத்துவிடும், அந்த இடம் அத்தனை அழகு!

ஆனால் ஒன்று: 'நீன்யோ' ஸ்பானிய மூலத்தின் சொல். மொழிபெயர்ப்பில் அது வேறு சொல்லாக இருக்கும், முதலில் அதைக் கண்டுபிடித்து வையுங்கள். கதையின் பின்னணியான பெரு சர்வாதிகாரி ஒத்ரியாவின் ஆட்சி 1948 முதல் 1956 வரை என்பதையும் நினைவில் வைத்தால் காலம் பிடிபடும்.