புரோக்கர் மாறினாலும் ரீஃபண்ட் உரிமை மாறாது

அமெரிக்கச் சுங்கத்தில் பழைய சுங்க புரோக்கர் போட்ட என்ட்ரிகளுக்கு (சரக்கு இறக்குமதிக்கான சுங்கத் தாக்கல்களுக்கு) கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். உரிமை புரோக்கருக்கு அல்ல. என்ட்ரி விவரம் எழுதும் 7501 படிவத்தில் இறக்குமதியாளராக யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான். அது உங்கள் பெயர்தானா என்று முதலில் பாருங்கள். கூரியர் சரக்கில் பல நேரம் கூரியர் நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

கோப்புக்காகப் பழையவரிடம் கெஞ்ச வேண்டாம். உங்கள் பெயரில் அமெரிக்கச் சுங்கத்தின் இணையதளமான ஏசிஇ போர்ட்டலில் கணக்கு இருந்தால் எல்லா என்ட்ரிகளும் லிக்விடேஷன் (சுங்கம் வரிக் கணக்கை முடிவு செய்வது) தேதிகளும் தெரியும். லிக்விடேட் ஆன 180 நாளுக்குள் புரொட்டஸ்ட் (ஆட்சேப மனு) போட வேண்டும். பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்தால் புதியவரே போடுவார்.

பலர் கோட்டைவிடுவது, ரீஃபண்ட் யாருக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் 4811 படிவத்தில். அது பழையவர் பெயரில் இன்னும் இருந்தால் பணம் அவருக்குப் போய்விடும். ரத்து செய்துவிட்டு, ஏசிஎச் (மின்னணுப் பணப் பரிமாற்றம்) வழி பணம் வர உங்கள் வங்கி விவரத்தைப் போர்ட்டலில் பதியுங்கள்.