முந்திரி, வரி, ஈரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க வரிவிதிப்பு பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில் முந்திரியை ஒற்றை வரியில் முடித்துவிட்டீர்கள். "பண்ருட்டிக்காரர்கள் வாஷிங்டனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான அபிஜானைப் பார்க்கட்டும்" என்று. எனக்குக் காடாம்புலியூர் பக்கம் மூன்று ஏக்கர் முந்திரி இருக்கிறது. மச்சான் பணிக்கன்குப்பத்தில் சின்னதாக உடைப்புக் கம்பெனி வைத்திருக்கிறார். வரி போட்டதும் "இனி விலை படுத்துவிடும்" என்று டிவியில் சொன்னார்கள். படுக்கவில்லை. கடையில் பருப்பு விலை இறங்கின மாதிரியே தெரியவில்லை. ஆனால் சீசனில் என் கொட்டையை எடுக்க வந்த வியாபாரி "ஈரம் ஜாஸ்தி, அவுட்டர்ன் இல்லை, பருப்பு தேறாது" என்று மூட்டைக்கு எழுநூறு ரூபாய் அடித்துவிட்டார். அவர் சொன்னது சரியா, ஏமாற்றா என்று பார்க்க எனக்கு வழி தெரியவில்லை. ஆப்பிரிக்க நாடுகள் கொட்டை ஏற்றுமதியைத் தடை செய்கிறார்களாமே, அது நமக்கு நல்லதா கெட்டதா? அடுத்த முறை தீபாவளி வரை இருப்பு வைக்கலாமா?

கா.,
பண்ருட்டி

அன்புள்ள கா.,

அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் எழுநூறு ரூபாயும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இந்தியாவில் விளையும் கொட்டை இங்குள்ள ஆலைகளின் தேவையில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் வரும். மீதி ஐவரி கோஸ்ட், கானா, பெனின், கினி-பிசாவ், தான்சானியா ஆகிய இடங்களிலிருந்து கப்பலில் வருகிறது. பாதிச் சரக்கு வெளியிலிருந்து வரும் தொழிலில், வெளிச் சரக்கு கம்பெனி வாசலில் என்ன விலைக்கு வந்து இறங்குகிறதோ அதுதான் உள்ளூர்க் கொட்டைக்கும் உச்சவரம்பு. நம் ஊரில் மார்ச் முதல் மே வரை அறுவடை. மேற்கு ஆப்பிரிக்காவிலும் பிப்ரவரி முதல் ஜூன் வரை அதே சீசன்தான். நீங்கள் மூட்டை கட்டும் வாரத்தில் உங்கள் வியாபாரி தூத்துக்குடிக்கு வரப்போகும் கப்பலின் விலையையும் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களிடம் பேசுகிறார்.

எண்களை வசதிக்காக நான் வைத்துக்கொள்கிறேன், முறைதான் முக்கியம். ஒரு டன் கொட்டை தூத்துக்குடி வந்து சேர 1,500 டாலர், டாலர் 88 ரூபாய் என்றால் 1,32,000. கொட்டைக்கு இறக்குமதி வரி 2.5 சதவீதம் (2016இல் 9.36 ஆக இருந்தது, 2017இல் 5 ஆகி, 2018இல் பாதியானது), அது 3,300. துறைமுகக் கூலி, லாரி, வட்டி எல்லாம் சேர்த்து 4,700 என்று வையுங்கள். மொத்தம் 1,40,000. கிலோ 140, உங்கள் 80 கிலோ மூட்டைக்கு 11,200 ரூபாய். இதற்கு மேல் உள்ளூர்க் கொட்டைக்குக் கொடுக்கிறவர் புதுச்சரக்கின் ருசிக்கோ, அவசரத் தேவைக்கோதான் கொடுப்பார்.

இந்தக் கணக்கில் அமெரிக்க வரி எங்கே வருகிறது? எங்கும் இல்லை. டாலர் வருகிறது. டாலர் 84லிருந்து 88 ஆனாலே டன்னுக்கு 6,000, உங்கள் மூட்டைக்கு 480 ரூபாய் ஏறுகிறது. ரூபாய் சரிவதைப் பற்றிப் புலம்பும் ஊரில், முந்திரி விவசாயி அதில் சத்தமில்லாமல் லாபம் பார்க்கிறவர். உங்கள் மச்சானுக்கு அதே 480 நஷ்டம். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு அரசியல்!

வரி விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீதம் விதித்தது, வியட்நாமுக்கு 20. ஆனால் அமெரிக்கக் கடைகளில் விற்கும் முந்திரி பெரும்பாலும் வியட்நாமுடையது. 2006 வாக்கிலேயே பருப்பு ஏற்றுமதியில் அவர்கள் நம்மைத் தாண்டிவிட்டார்கள். நாம் உடைக்கும் பருப்பில் பெரும்பகுதியை நாமே தின்றுவிடுகிறோம். வெளியே போவதும் அமீரகம், ஜப்பான், நெதர்லாந்து என்று பிரிகிறது. அந்த நவம்பரிலேயே காபி, தேயிலை, மசாலாப் பொருள்களோடு முந்திரியையும் அமெரிக்கா அந்தக் கூடுதல் வரியிலிருந்து எடுத்துவிட்டது, தன் நாட்டு மளிகை விலை ஏறியதால். அப்படியொரு வரி நம்மைத் தொட்டால் கொல்லைப்புறமாகத்தான் தொடும்: வியட்நாம் ஆலைகளுக்கு விற்பனை குறைந்தால் ஆப்பிரிக்கக் கொட்டையை அவர்கள் குறைவாக வாங்குவார்கள், அதன் விலை இறங்கும், உங்கள் 11,200ம் இறங்கும். வியட்நாம் பருப்பு நேராக இங்கே வந்து குவிவதை 2019இல் 70 சதவீதமாக ஏற்றிய பருப்பு இறக்குமதி வரி ஓரளவு தடுக்கிறது. முழுதாக அல்ல. வறுத்த பருப்பு என்றும் மாட்டுத்தீவனம் என்றும் பெயர் மாற்றிக்கொண்டு வருகிறது என்ற புகார் கம்பெனிக்காரர்களிடம் வெகுநாளாக இருக்கிறது.

இனி அந்த எழுநூறு ரூபாய்.

அவுட்டர்ன் என்பது 80 கிலோ மூட்டை ஒன்றில் எத்தனை பவுண்டு தேறும் பருப்பு இருக்கிறது என்ற எண். உலகம் முழுக்க கொட்டை வியாபாரம் இந்த எண்ணின் மேல்தான் நடக்கிறது. 48 என்றால் நல்ல சரக்கு, 44 என்றால் சுமார். மேலே சொன்ன 11,200 விலை 47 அவுட்டர்ன் சரக்குக்கு என்று கொண்டால், ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 238 ரூபாய். உங்கள் சரக்கு 44 என்றால் 10,485. குறைவது 715. ஆகவே எழுநூறு அடித்தவர், உங்கள் சரக்கு மூன்று பவுண்டு குறைவு என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா என்பதை நீங்களே ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பார்க்காமல் விலை பேசுவது, எடை போடாமல் நகை விற்பது.

குவியலின் மேலிருந்து அள்ளாதீர்கள். பத்து மூட்டைக்கு நாலைந்தாவது பிரித்து மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து, அதிலிருந்து சரியாக ஒரு கிலோ நிறுங்கள். கிராம் காட்டும் தராசு வேண்டும். முதலில் கொட்டைகளை எண்ணுங்கள். கிலோவுக்கு 200 சுற்றி வந்தால் நடுத்தரம், குறையக் குறைய பெரிய கொட்டை. பிறகு ஒன்று விடாமல் இரண்டாக வெட்டுங்கள். கைக்கு உறை கட்டாயம், பச்சைக் கொட்டையின் ஓட்டெண்ணெய் தோலை உரித்துவிடும். பருப்பை மூன்றாகப் பிரியுங்கள்: நல்லது ஒரு குவியல்; புள்ளி விழுந்தது, முற்றாமல் சுருங்கியது இரண்டாவது; சொத்தை, பூஞ்சை, வெறும் ஓடு மூன்றாவது. நல்லதன் எடை முழுதாக, இரண்டாவதன் எடை பாதியாக. மூன்றாவது பூஜ்யம். செந்தோலை உரிக்காமல்தான் நிறுக்க வேண்டும், அப்படித்தான் வழக்கம். நல்லது 258 கிராம், இரண்டாவது 20 கிராம் என்றால் 258ம் 10ம் சேர்த்து 268. அதை 80ஆல் பெருக்கி 453.6ஆல் வகுத்தால் 47.3. அதுதான் உங்கள் அவுட்டர்ன். இரண்டு மாதிரி எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. வியாபாரி இந்த வெட்டுச் சோதனையை, அவர்கள் பேச்சில் கட்டிங், போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். இரண்டாவது குவியலை மூன்றாவதில் தள்ளுவதுதான் சுலபமான கைவரிசை.

எண் குறைவாக வந்தால், எந்தக் குவியல் பெரிது என்பதே காரணத்தையும் சொல்லிவிடும். சுருங்கிய பருப்பு அதிகம் என்றால் பழம் தானாக விழும் முன்பே உலுக்கியோ பறித்தோ எடுத்திருக்கிறீர்கள். திருட்டுப் பயத்தில் நம் பக்கம் இது சாதாரணம், ஆனால் அந்தப் பயத்துக்கு மூட்டைக்கு இரண்டு பவுண்டு வரை கொடுக்க நேரும். இளங்காயில் கரும்புள்ளி, சுருக்கம் என்றால் தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியைச் சந்தேகியுங்கள். தளிர், பூ, பிஞ்சு மூன்று கட்டத்திலும் மரத்தைப் பார்க்காமல் விட்டிருப்பீர்கள். பூஞ்சை, எண்ணெய் கசிந்த பருப்பு என்றால் தவறு களத்தில்: பழச்சதை ஒட்டியிருக்கக் காயவைத்தது, அல்லது ஈரத்தோடு குவித்து இரவெல்லாம் மூடிவைத்தது.

ஈரம் வேறு கணக்கு. 12 சதவீத ஈரத்தோடு 1,000 கிலோ வாங்கும் வியாபாரி அதை 8 சதவீதத்துக்குக் காய வைத்தால் கையில் 956 கிலோதான் இருக்கும். அந்த 44 கிலோவை உங்கள் விலையில் கழிப்பது நியாயம். ஆனால் ஈரத்துக்கு ஒரு முறை, அவுட்டர்ன் குறைவு என்று ஒரு முறை கழிக்கும்போது கவனியுங்கள். ஈரக் கொட்டையில் பருப்பும் ஈரத்தோடு கனமாக நிற்பதால் கட்டிங்கில் எண் சற்றுக் கூடுதலாகவே காட்டலாம். குறைவாகக் காட்டினால் ஈரத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. இரண்டு நாள் மூன்று நாள் நல்ல வெயிலில், மெல்லிசாகப் பரப்பி, மதியத்தில் கிண்டிவிட்டுக் காயவைத்தால் இந்தப் பேச்சே எழாது. குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் சத்தம் வரவேண்டும், நகத்தால் அழுத்தினால் ஓடு பள்ளம் விழக்கூடாது.

கொட்டையின் பருமனும் காசுதான். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ரகத்தில் ஒரு கொட்டை சுமார் 7 கிராம், பருப்பு 29 சதவீதம். கணக்குப் போட்டால் பவுண்டுக்கு 210லிருந்து 240 பருப்பு நிற்கும் தரம். வி.ஆர்.ஐ. 2 கொட்டை சுமார் 5 கிராம்தான், அது 320 தரத்தில் போய் விழும். இரண்டுக்கும் அவுட்டர்ன் ஒன்றாகவே வரலாம், பருப்பு விலை ஒன்றல்ல. 2011 டிசம்பரில் தானே புயல் சாய்த்த தோப்புகளில் பிறகு விதைக்கன்று வைத்தவர்களுக்கும் ஒட்டுக்கன்று வைத்தவர்களுக்கும் இன்று தெரியும் வித்தியாசம் இதுதான். கலந்து கட்டிய மூட்டைக்குச் சின்னக் கொட்டையின் விலைதான் கிடைக்கும். சல்லடை போட்டுத் தனித்தனியாக விற்றுப் பாருங்கள்.

ஆப்பிரிக்கத் தடை. பெனின் 2024 ஏப்ரல் 1 முதல் கொட்டை ஏற்றுமதியை நிறுத்தியது. ஐவரி கோஸ்ட் அதே ஆண்டு சீசன் தொடக்கத்தில் தன் ஆலைகளுக்கு எடுத்துவைத்த பிறகே வெளியே விடுவது என்று நிறுத்திப் பார்த்தது. வறட்சியும் சேர்ந்துகொள்ள, ஒப்பந்தம் போட்ட விலைக்குச் சரக்கு தராமல் பலர் கைவிரித்தார்கள். இதை நன்றிகெட்டதனம் போலப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1990களில் மொசாம்பிக் தன் கொட்டை மீதான ஏற்றுமதி வரியைக் குறைக்க வேண்டும் என்று உலக வங்கி நெருக்கியது. குறைத்தார்கள். கொட்டை கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது, அங்கே ஆலைகள் மூடின, ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை இழந்தார்கள். கொல்லத்திலும் பண்ருட்டியிலும் நமக்கு மலிவாகக் கிடைத்த கொட்டைக்கு அப்படியும் ஒரு பின்கதை உண்டு. அவர்கள் இப்போது தங்கள் கொட்டையைத் தாங்களே உடைக்க விரும்புவதில் தப்பில்லை.

உங்களுக்கு அது நல்லதா என்றால், இரண்டு மூன்று வருடத்துக்கு நல்லது. வரும் சரக்கு குறைந்தால் உச்சவரம்பு ஏறும். அதற்குப் பிறகு எனக்கு நம்பிக்கை குறைவு. மூலப்பொருள் கிடைக்காமல் சின்னக் கம்பெனிகள் மூடினால் உங்கள் கொட்டைக்கு நான்கு பேர் விலை கேட்ட இடத்தில் ஒருவர் கேட்பார். விளைச்சலைக் கூட்டுவது தவிர இதற்கு வேறு வழி இல்லை, பழைய விதைக்கன்றுத் தோப்புகளை வைத்துக்கொண்டு அது நடக்காது.

தீபாவளி வரை வைக்கலாமா? மே மாதம் விற்காமல் அக்டோபர் வரை வைத்தால் ஐந்து மாதம். ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக் கடன் உங்கள் தலையில் இருந்தால் 5 சதவீதம் போச்சு. காயாமல் வைத்தால் எடையில் 4 சதவீதத்துக்கு மேல் போகும். விலை பத்து சதவீதம் ஏறினால்தான் கைக்கு வந்தது தேறும். நன்றாகக் காயவைத்து, சணல் சாக்கில், சிமெண்ட் தரையில் படாமல் மரக்கட்டை மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்தால் எடைக்குறைவு சொற்பம், வட்டி மட்டும்தான். பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், வேர்த்துவிடும். கடன் இல்லாதவர் பாதியை வைக்கலாம். கடன் உள்ளவர், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பொருளீட்டுக் கடன் (சரக்கை ஈடாக வைத்து வாங்குவது) கிடைக்குமா என்று அறுவடைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். எப்படியானாலும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் விற்றுவிடுங்கள். அதே சமயத்தில்தான் தான்சானியாவின் புதுக்கொட்டை ஏலமும் தொடங்கும், விலை எந்தப் பக்கமும் சாயலாம்.

மச்சானிடம் ஒன்று சொல்லுங்கள். இறக்குமதிச் சரக்கு எடுக்கும்போது ஏற்றும் துறைமுகத்துச் சான்றிதழில் இருக்கும் அவுட்டர்னை நம்பி முழுப் பணம் கட்ட வேண்டாம். கடலில் ஒரு மாதம் வியர்த்து வரும் பெட்டியில் ஒன்றிரண்டு பவுண்டு குறைவது வழக்கம். தூத்துக்குடியில் இறங்கியபின் எடுக்கும் கட்டிங்கின்படிதான் இறுதி விலை என்றும், குறையும் ஒவ்வொரு பவுண்டுக்கும் எவ்வளவு கழிவு, எந்த எண்ணுக்குக் கீழே சரக்கைத் திருப்பலாம் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கட்டும்.