31 வயது ரிசீவரை விற்கலாமா?

கேள்வி: அமெரிக்காவுக்கு வந்த பிறகு எனக்கும் மகனுக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றாலே என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) என்று ஆகிவிட்டது. எங்கள் அணி இந்த சீசனில் 2 வெற்றி, 6 தோல்வி. பந்தை எறியும் குவாட்டர்பேக் இரண்டாம் வருடப் பையன். அவன் நம்பிப் பந்து எறிவது ஒரே ஒரு ரிசீவருக்குத்தான் (பந்தைப் பிடிப்பவர்). அவருக்கு வயது 31, எங்கள் அணியில் இது ஒன்பதாவது சீசன், ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. பிளேஆஃப் (கோப்பைக்கான நாக் அவுட் சுற்று) போகும் நிலையில் இருக்கும் ஓர் அணி அவருக்கு மூன்றாம் சுற்று டிராஃப்ட் பிக் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தர டிராஃப்டில் ஒருவரை எடுக்கும் உரிமை) தரத் தயார் என்று பேச்சு. மகனுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் விற்கலாம் என்கிறான். நான் கூடாது என்கிறேன். எதை வைத்து முடிவு செய்வது? மகன் பிறந்தநாளுக்கு அவருடைய ஜெர்சி வாங்குவதாக இருந்தேன். வாங்கலாமா?

பதில்: என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் நிலைமையில் மூன்றாம் சுற்றுப் பிக்குக்கு நான் அவரை விற்க மாட்டேன். ஆனால் உங்கள் மகன் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

"நம்பிக்கையான ரிசீவர்" என்று வர்ணனையில் கேட்கும்போது ஏதோ பாசத்தைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். களத்தில் அது மிகக் குறிப்பான ஒரு விஷயம். தேர்ட் டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் மூன்றாவது), இன்னும் 6 யார்டு வேண்டும் என்று வையுங்கள். ரிசீவர் ஓரத்தில் இல்லை, உள்ளே தள்ளி ஸ்லாட்டில் நிற்கிறார். அவருக்குக் கொடுத்திருப்பது ஆப்ஷன் ரூட். அதாவது, ஆறேழு யார்டு நேராக ஓடு, எதிரே இருப்பவரைப் பார், அப்புறம் நீயே முடிவு செய். தடுப்பவர் ஒட்டிக்கொண்டே கூட ஓடி வந்தால், அவர் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் வெட்டி ஓட வேண்டும். ஒட்டாமல் தன் பகுதியைக் காத்து நின்றால், இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவில் கிடைக்கும் சந்தில் சட்டென்று நின்று திரும்ப வேண்டும். குவாட்டர்பேக்கும் அதே நேரத்தில் அதே இடுப்பைப் பார்த்து அதே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். ஏனென்றால் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்கும். ரிசீவர் நிற்க, குவாட்டர்பேக் "ஓடுவார்" என்று நினைத்து எறிந்தால் பந்து நேராக எதிரணிக்காரரின் மார்புக்குப் போகும். மோசமான பாஸ் என்று நாம் திட்டுவோம். பல நேரம் அது மோசமான பாஸே இல்லை, இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்த்ததுதான்.

நீங்கள் விற்பது இந்தப் பொருத்தத்தை. அதில் பாதி ரிசீவரிடம் இருக்கிறது, மீதிப் பாதி உங்கள் குவாட்டர்பேக்கிடம் இருக்கிறது. ரிசீவர் போனால் குவாட்டர்பேக்கிடம் இருக்கும் பாதியும் வீணாகிவிடும். அதனால், இவர் இன்னும் எத்தனை வருடம் ஆடுவார் என்பதைவிட, இவர் போனபின் அந்தப் பையன் தேர்ட் டவுனில் யாரைப் பார்ப்பான் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

கிரீன் பே பேக்கர்ஸுக்கு நடந்ததைப் பாருங்கள். 2021இல் ரிசீவர் டவான்டே ஆடம்ஸ் 123 பந்து பிடித்து 1,553 யார்டு எடுத்தார், அணி 13 ஆட்டம் வென்றது. 2022 மார்ச்சில் அவரை ரைடர்ஸுக்குக் கொடுத்து முதல் சுற்று, இரண்டாம் சுற்று என இரண்டு பிக் வாங்கினார்கள். ஆடம்ஸுக்கே போக விருப்பம் இருந்தது, விலையும் நல்ல விலை. ஆனால் எம்.வி.பி. (மிகச் சிறந்த வீரர்) விருதை நான்கு முறை வாங்கிய குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் அந்த சீசனில் 12 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொள்ளும் பாஸ்) எறிந்தார். 2008க்குப் பிறகு அவருக்கு அதுதான் அதிகம். பெருவிரல் காயமும் இருந்தது உண்மை. என்றாலும் புதுப் பையன்கள் ஒரு பக்கம் ஓட, அவர் இன்னொரு பக்கம் எறிந்ததை அந்த வருடம் வாராவாரம் பார்த்தோம். அணி 8 வெற்றி, 9 தோல்வி. ராட்ஜர்ஸுக்கே அப்படி என்றால் இரண்டாம் வருடப் பையனுக்கு?

எதிர் உதாரணமும் இருக்கிறது. பஃபலோ பில்ஸ் 2024 ஏப்ரலில் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை ஹூஸ்டனுக்கு அனுப்பியது. அந்த வருடமே 13 ஆட்டம் வென்று ஏ.எஃப்.சி. (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதி ஆட்டம் வரை போனது, குவாட்டர்பேக் ஜாஷ் ஆலன் எம்.வி.பி. ஆனார். ஆனால் ஆலன் அப்போது ஏழாவது சீசனில் இருந்தார். பந்தைப் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவர், ஓடியும் ஆட்டத்தை எடுப்பவர். அப்படி இருந்தும் அக்டோபரில் பில்ஸ் ரிசீவர் அமாரி கூப்பரை வாங்கியது. கை குறைகிறது என்று அவர்களுக்கே தோன்றியிருக்கும்.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான கதை கீனன் ஆலனுடையது. சார்ஜர்ஸ் அவரை 2013இல் மூன்றாம் சுற்றில், 76ஆவது ஆளாக எடுத்தது. வேகத்தால் பெயர் வாங்கியவர் அல்ல அவர். கோட்டில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்தே எதிராளியைத் தடுமாற வைத்துவிடுவார். 2023இல், 31 வயதில், 13 ஆட்டம் மட்டுமே ஆடி 108 பந்து பிடித்தார். அவர் ஆட்டவாழ்விலேயே அதிகம் அதுதான். ஆனால் அணி 5 வெற்றி, 12 தோல்வி. 2024இல் ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்தபோது சம்பளக் கணக்கு கழுத்தை நெரித்தது. ஓர் அணிக்கு அந்த வருட உச்சவரம்பு 25.54 கோடி டாலர். ஆலன் ஒருவர் கணக்கே 3.47 கோடி. சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள், அவர் மறுத்தார். மார்ச்சில் வெறும் நான்காம் சுற்றுப் பிக்குக்கு சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு முந்தைய நாள்தான் இன்னொரு முக்கிய ரிசீவரான மைக் வில்லியம்ஸையும் விடுவித்திருந்தார்கள்.

அன்றைக்கு எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. 108 பந்து பிடித்தவருக்கு நான்காம் சுற்றா? ஆனால் அந்த நான்காம் சுற்றுப் பிக்கையும் சேர்த்துக் கொடுத்து இரண்டாம் சுற்றில் 34ஆவது இடத்துக்கு ஏறி லாட் மெக்காங்கியை எடுத்தார்கள். முதல் வருடமே அவர் 82 பந்து, 1,149 யார்டு. அணி 11 ஆட்டம் வென்றது. சிகாகோவில் ஆலன் 744 யார்டோடு நின்றார். கணக்குப் பார்த்தால் விற்றது சரிதான், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த சீசன் முழுவதும் 3 இன்டர்செப்ஷன் மட்டுமே எறிந்த சார்ஜர்ஸ் குவாட்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பர்ட், ஹூஸ்டனுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் மட்டும் 4 எறிந்தார். மெக்காங்கி அன்று 197 யார்டு எடுத்தார், மற்றவர்களிடமிருந்து பெரிதாக ஒன்றும் வரவில்லை. 2025 ஆகஸ்டில் சார்ஜர்ஸ் ஆலனையே திரும்பக் கூப்பிட்டு ஒரு வருட ஒப்பந்தம் போட்டது. 33 வயதில் ஒருவரை அதே வீட்டுக்குத் திரும்ப அழைக்கிறார்கள் என்றால், அவர் கையில் இருந்தது என்ன என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிச் சண்டை இது புரியாமல்தான் வருகிறது. சைனிங் போனஸை வீரருக்கு உடனே கொடுத்துவிடுவார்கள், ஆனால் கணக்கில் ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்து எழுதுவார்கள். நான்கு வருடத்துக்கு 2 கோடி டாலர் என்றால் வருடத்துக்கு 50 லட்சம். இரண்டு வருடம் முடிந்ததும் விற்றால், எழுதாமல் மிச்சமிருக்கும் 1 கோடி பழைய அணியின் தலையில்தான் விழும். இதைத்தான் டெட் மணி என்கிறார்கள். ஜூன் 1க்கு முன் விற்றால் முழுவதும் அந்த வருடமே விழும். பிறகு விற்றால் அந்த வருடப் பங்கு அந்த வருடத்திலும் மீதி அடுத்த வருடத்திலும் விழும். ஆலனை விற்றபோது சார்ஜர்ஸுக்கு மிச்சமானது 2.31 கோடி, டெட் மணி 1.16 கோடி. அது லாபம். டிக்ஸை விற்ற பில்ஸ் சுமந்த டெட் மணியோ சுமார் 3.1 கோடி. உங்கள் ரிசீவரின் ஒப்பந்தத்தைப் பார்க்கும்போது சம்பளத்தைப் பார்க்காதீர்கள், எழுதாமல் மிச்சமிருக்கும் போனஸைப் பாருங்கள். விற்றால் மிச்சமாவதைவிடச் சுமப்பது அதிகம் என்றால் பேச்சே வேண்டாம்.

இப்போது மகன் பக்கம். ரிசீவரின் சரிவு சொல்லிக்கொண்டு வராது. கூப்பர் கப் 2021இல் 145 பந்து, 1,947 யார்டு எடுத்து சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்) எம்.வி.பி.யும் ஆனார். அப்புறம் மூன்று வருடம் காயம் மாறி மாறி வந்தது. 2025 பிப்ரவரியில் ராம்ஸ் அவரை விற்கப் பார்த்தது, அவருடைய சம்பளத்தோடு எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. மார்ச்சில் சும்மாவே விடுவித்தார்கள். ஒரு பிக்கூடக் கிடைக்கவில்லை. உங்கள் மகன் பயப்படுவது இதற்காகத்தான் என்றால் அது வீண் பயம் இல்லை.

சரிவு யாருக்கு மெதுவாக வரும் என்று ஓரளவு சொல்ல முடியும். லேரி ஃபிட்ஸ்ஜெரால்டு அரிசோனாவில் 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று வருடம் 1,000 யார்டைத் தொடவில்லை. முடிந்துவிட்டார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். விற்காமல், ஒப்பந்தத்தை மாற்றி எழுதி வைத்துக்கொண்டார்கள். ஓரத்தில் நின்றவர் ஸ்லாட்டுக்குள் வந்து வேலை செய்தார். 2015, 2016, 2017 மூன்றிலும் நூறு பந்துக்கு மேல் பிடித்தார், முதல் வருடமே அவருக்கு 32 வயது. வேகத்தால் பிழைப்பவருக்கு 30 தாண்டியதும் கஷ்டம். இடம் பார்த்து நிற்கத் தெரிந்தவருக்கு இன்னும் சில வருடம் உண்டு.

மூன்றாம் சுற்றுப் பிக் என்ன பெறும்? ஆலனும் கப்பும் மூன்றாம் சுற்றில் வந்தவர்கள்தான் என்று உங்கள் மகன் சொல்லலாம். நமக்கு நினைவிருப்பது அப்படி ஜெயித்தவர்கள் பெயர் மட்டும். அதோடு, வாங்கும் அணி நன்றாக ஆடும் அணி, அதனால் அவர்கள் பிக் சுற்றின் கடைசிப் பகுதியில்தான் வரும். முன்பு மினசோட்டா டிக்ஸை விற்று ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்ததையும் சொல்வார்கள். டிக்ஸுக்கு அப்போது 26 வயது, கிடைத்தது முதல் சுற்றுப் பிக். அந்த விலை 31 வயதுக்காரருக்குக் கிடைக்காது.

அதனால் நான் செய்வது இதுதான். இந்த சீசன் முடியும்வரை விற்க மாட்டேன். மார்ச்சில் உட்கார்ந்து, சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்து ஒரு வருடம் கூட்டிக்கொள்ள முடியுமா என்று அவரிடமே கேட்பேன். ஏப்ரல் டிராஃப்டில் ஓர் இளம் ரிசீவரை எடுத்து அவர் பக்கத்தில் நிறுத்துவேன். மார்ச்சில் விலை நான்காம் சுற்றுக்கு இறங்கலாம், அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்வேன். இரண்டே காரணத்துக்காக மனதை மாற்றுவேன்: இரண்டாம் சுற்றுப் பிக் வந்தால், அல்லது கோப்பைக்காக ஒருமுறையாவது ஆட வேண்டும் என்று அவரே கேட்டால். ஒன்பது வருடம் உழைத்தவர் கேட்டால் தடுத்து வைக்கக் கூடாது. அடுத்த வருடம் ஒப்பந்தம் முடிந்து போனால் ஈட்டுப் பிக் (போன வீரருக்கு ஈடாக லீக் தரும் டிராஃப்ட் பிக்) வருமே என்றும் எண்ணாதீர்கள். பத்து சீசன் முடித்த ரிசீவருக்கு அது ஐந்தாம் சுற்றுக்கு மேல் வராது.

நீங்கள் இருவரும் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த ஆட்டத்தில் பேப்பர் பேனாவோடு உட்காருங்கள். ஒவ்வொரு தேர்ட் டவுனிலும் குவாட்டர்பேக் முதலில் யாரைப் பார்த்தான், அவரை மறித்துவிட்டால் அடுத்து என்ன செய்தான் என்று எழுதுங்கள். மறித்ததும் பந்தை வைத்துக்கொண்டு அடி வாங்குகிறான் என்றால் அவரை விற்கும் நிலையில் அணி இல்லை. இரண்டாவது, மூன்றாவது ஆளைத் தேடி எறிகிறான் என்றால் உங்கள் மகன் சொல்வதற்கு நான் பாதி வழி வந்துவிடுவேன்.

ஜெர்சி? வீரர்களைக் கைமாற்றும் டிரேடு கெடு ஒன்பதாவது வாரம் முடிந்த செவ்வாய்க்கிழமை, கிழக்கு நேரப்படி மாலை 4 மணி. பிறந்தநாள் அதற்குப் பிறகு என்றால் அதுவரை பொறுத்து வாங்குங்கள். முன்னாலேயே வந்துவிட்டால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். அந்தப் பெயர் போட்ட சட்டையை ஒன்பது வருட ஆட்டத்துக்காகவே போட்டுக்கொள்ளலாம்.