சூடேறி, ஐடிலிங்கில் நடுங்கி அணையும் அவுட்போர்டு எஞ்சின்

வணக்கம். குளிர்விக்கும் தண்ணீரை ஏற்றும் பம்பின் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரைப் புதிதாக மாற்றிய பிறகும் உங்கள் படகின் இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் 10 நிமிடத்தில் சூடேறுவதாகவும், ஐடிலிங்கில், அதாவது மெதுவாக ஓடவிடும்போது, நடுங்கி அணைவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றை இரண்டு தனித்தனிக் கோளாறுகளாகக் கருதி, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை உடனே கழற்றிவிட வேண்டாம்.

முதலில், பழைய இம்பெல்லரின் இறக்கைகள் அனைத்தும் முழுமையாக இருந்தனவா என்று பாருங்கள். உடைந்த ரப்பர்த் துண்டு தண்ணீர்க் குழாயின் மேற்பகுதியிலோ தெர்மோஸ்டாட்டின் (சூடேறியதும் திறந்து தண்ணீரை ஓடவிடும் வால்வு) அடியிலோ சிக்கிக்கொண்டால், புதிய பம்பாலும் பயன் இருக்காது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, சூடாகிக்கொண்டிருக்கும் தண்ணீரில் போட்டால், கொதிநிலைக்கு வெகு முன்பே அது திறக்க வேண்டும். உப்புநீரில் ஓடும் எஞ்சினில் அது உப்புப் படிந்து இறுகிவிடுவது வழக்கமே.

அடுத்து இரண்டு ஸ்பார்க் பிளக்குகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று கரி படிந்தும் மற்றொன்று கழுவியதுபோல் பளிச்சென்றும் இருந்தால், பளிச்சென்ற பிளக் இருந்த சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது என்று ஐயுறலாம். ஹெட் கேஸ்கட் (சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) பழுதானால் சூடும் நடுக்கமும் சேர்ந்தே வரும் என்பதால், என் சந்தேகம் அதன்மீதுதான். சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தைக் கம்ப்ரஷன் அளவியால் சோதித்து, இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு தெரிந்தால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

இவை யாவும் சரியாக இருந்தால் மட்டும், கார்புரேட்டரில் ஐடிலிங்குக்கு எரிபொருள் தரும் நுண்துளையான ஐடில் ஜெட்டைச் சுத்தம் செய்யுங்கள். சோதனையின்போது, எஞ்சினின் அடிப்பகுதி தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கியிருக்கட்டும். சில நொடிகள் வறண்டு ஓடினாலே புதிய இம்பெல்லர் கருகிவிடக்கூடும்.